அத்தா அலமாரியில் வைத்த கல்

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷப்னத்துக்கு அம்மாவின் சலாம். அல்லாஹ் கிருபையால் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் உன் அத்தா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ ஆஸ்திரேலியாவில் கனிமங்களை எதனால் ஆனவை என்று பார்த்து வகை பிரித்துக்கொண்டிருக்க, உன் அத்தா வயிற்றுக்குள்ளேயே ஒன்று செய்துவிட்டார். போன வாரம் வலியில் துடித்தார், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், மிளகளவு கல் சிறுநீரில் வந்து விழுந்தது. சோதித்துவிட்டு கால்சியம் ஆக்சலேட் என்றார்கள். நாள் முழுக்கத் தோல் கிடங்கில் நிற்கிறவர் தண்ணீரே குடிப்பதில்லை, போதாததற்குத் தினம் கீரை கொடு என்று நீ சொன்னாயே, அந்தப் பசலைக்கீரையில் ஆக்சலேட் கொட்டிக் கிடக்கிறதாம். நல்ல கெமிஸ்ட்ரி படித்தாய் போ. அந்தக் கல்லைக் கழுவித் துடைத்து, எம்புள்ள அலமாரியில இது இல்லைல என்று நீ இங்கே சேர்த்து வைத்த கற்களில் கால்சைட் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கேட்டால், ரெண்டுலயும் கால்சியம்தானே என்கிறார். கால்சியத்தைப் பார்க்காதீர்கள், அதோடு சேர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அவள் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்தாள், அது கார்பனேட் தட்டு, உங்களுடையதைத் தனியாக வையுங்கள் என்றேன். பெரிய சண்டை. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார், சௌகத் அலி மாமா பாதி டீயோடு எழுந்து போய்விட்டார்.

விஷயம் இனிமேல்தான். ஸ்கேனில் இடது பக்கம் இன்னொன்று இருக்கிறது, பெரிது, வழியை அடைத்திருக்கிறது. இது தானாக வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் சிறுநீரகமே கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, தன்னால வந்துரும், அம்புட்டுத்தேன் என்று வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாதாம். நேற்று நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார், முழங்கால் வலி என்றார், கை என்னவோ விலாவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம், எனக்கு அவரை நினைத்துப் பயம். உன் பேச்சை மட்டும்தான் கேட்பார். போன் செய்து அழாதே, அழுதால் உனக்குத் தைரியம் சொல்லியே தப்பித்துக்கொள்வார். திட்டு.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே, நீயும் அவர் பிள்ளைதான்.

உன் அம்மா,
காதர் பீவி