பல் முளைக்கும்வரை

நாள் 203. காலை 6.10
நிலா தென்முனை, நீர் நிலையம். பொறுப்பு: மாதம்மாள். பனி உருக்கும் அடுப்பு, பம்புகள் நல்ல நிலையில் உள்ளன. உருகிய நீரில் ஃபுளோரைடு மிக அதிகம். இரண்டு வடிகட்டிகளில் ஒன்று செத்துவிட்டது. மாற்று கேட்டு நிர்வாகி கிருபாகரனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். என் முட்டி மடங்கவில்லை. நின்றபடி எழுதுகிறேன்.

நாள் 203. மாலை 4.30
நிர்வாகியின் பதில்: "வடிகட்டியெல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம்மா. நல்ல தண்ணிய மேல்கூடத்துக்கு விடு. கீழ்க்கூடத்துக்கு அப்படியே போகட்டும். கொஞ்சம் கூடினா ஒண்ணும் ஆகாது."

கீழ்க்கூடத்தில் தொழிலாளர் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேல்கூடத்தில் இருப்பது அவர் வீடு; மகள் தாரிகாவுக்கு நாலு வயது.

ஒன்றும் ஆகாதாம்! தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊரில் போர்வெல் போட்டவனும் இதையேதான் சொன்னான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தேன். விழுந்து முளைத்த பல் எல்லாம் பழுப்பு. பத்தாம் வகுப்பில் கால் வளைந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு பொகையில போடுமா?" என்று கேட்டுவிட்டு பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் வாயைத் திறந்ததும் "சொல்லி அனுப்புறோம்". கடைசியில் எவனும் வரமாட்டேன் என்ற இந்த இடம்தான் என்னை எடுத்துக்கொண்டது.

நாள் 204. காலை 6.05
உத்தரவை மீறினேன். மிஞ்சிய வடிகட்டியை ஓய்வே கொடுக்காமல் ஓட்டி, இரண்டு கூடங்களுக்கும் நல்ல தண்ணீரே விடுகிறேன். இப்படி ஓட்டினால் சீக்கிரம் செத்துவிடும். சாகட்டும். அதற்குள் ஒரு வழி பார்க்கிறேன்.

நாள் 281. காலை 9.00
கீழ்க்கூடத்தில் வதந்தி பரவி, தாய்மார்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பொது அலைவரிசையில் நிர்வாகி பேசினார்: "இந்தத் தண்ணியால ஒரு கெடுதலும் இல்ல. எம் பொண்ணுக்கே குடுப்பேன்."

வாடா ராசா. இதற்குத்தான் காத்திருந்தேன்.

நாள் 296. காலை 8.15
வடிகட்டி செத்தது. இரண்டு கூடங்களின் தொட்டிகளையும் வடித்துவிட்டேன். சோதித்துப் பார்க்க ஒரு சொட்டு இல்லை. கையிருப்புத் தண்ணீர்க் குடுவைகள் பூமியிலிருந்து கப்பல் வரும்வரை தாங்கும். பொது அலைவரிசையில் சொன்னேன்: "ஒண்ணும் ஆகாதுன்னீங்களே சார். மூணு மாசமா வடிகட்டாத தண்ணி உங்க வூட்டுக்குத்தான் வந்துச்சு."

அவன் அலறியதை நிலா முழுக்கக் கேட்டது: "அடிப்பாவி! அது வெசம்டி! எம் பொண்ணு குடிச்சிருக்காளே!"

விஷம் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. அப்பா, என்ன நிம்மதி!

நாள் 296. பகல் 1.40
விரைவுக் கப்பலில் ஆறு வடிகட்டி கேட்டிருக்கிறான். கப்பல் நாளை கிளம்பும். நிலையக் கதவைப் பூட்டி, எனக்கு வரும் காற்றுக் குழாயையும் மூடிவிட்டான். "எத்தன நாள் குடிச்சா? உண்மையச் சொல்லு. சொல்ற வரைக்கும் காத்து கெடையாது."

பின்பக்கம் ஒரு தாழ்வான வழி இருக்கிறது. முட்டி போட்டுத் தவழ வேண்டும். முயன்றேன். முட்டி மடங்குமா? ஒன்றும் ஆகாதாம்!

நாள் 296. மாலை
மூச்சு வாங்குகிறது. உண்மையைச் சொன்னால் காற்று வரும். கப்பல் நின்றுவிடும். அதனால் சொல்லவில்லை. அது பாதிக் காரணம்தான். மீதி வன்மம்.

இதை வடிகட்டிப் பெட்டிக்குள் வைக்கிறேன். புதியதை மாட்ட வந்தவரே, உங்களுக்கு மட்டும்: அந்தக் குழந்தை குடித்தது நல்ல தண்ணீர். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பால்பல் விழுந்து அவளுக்குப் பல் வெள்ளையாகத்தான் முளைக்கும். இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அதுவரை தினமும் காலையில் அவன் அவள் வாயைத் திறந்து பார்க்கட்டும். என் அம்மா அப்படித்தான் பார்த்தாள்.

அவனிடம் சொல்லிவிடா