கண்ணாடிக்குள் ஒரு ஜிப்பா

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு மகன் பாபிகிரின் சலாம். அல்லாஹ்வின் கருணையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவின் கண் ஆபரேஷன் முடிந்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. நான் வேலை பார்க்கும் கேன்டீன் இருக்கும், இந்த வெள்ளைக்காரர்களின் ராணுவ அருங்காட்சியகத்தில் ஒட்டுப்போட்ட ஜிப்பா ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இவர்கள் நம் நாட்டின் மேல் படையெடுத்து வந்த கரரி சண்டையில், செத்துக் கிடந்த நம் ஆள் ஒருவரின் உடம்பிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. தோளருகே குண்டு துளைத்த ஓட்டை.

செவ்வாயன்று அதைப் பார்த்துவிட்டு வந்த வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர், "நீ சூடான் நாட்டுக்காரனாப்பா? அந்த ஜிப்பாவக் கொண்டுவந்தது எங்க தாத்தாதான். எங்கள மன்னிச்சிடுவியா?" என்று அழுதார். என் கையில் தேநீர்த் தட்டு, எதிரே மேனேஜர்.

"பரவால்லம்மா, அதெல்லாம் பழைய கதை" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகக் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மேனேஜர் என் முதுகில் தட்டி, "சபாஷ்! இனிமே யாரு கேட்டாலும் இதையே சொல்லிடு" என்றார். நானும் தலையாட்டினேன்.

அதே சண்டைக்குப் போன அப்பாவின் தாத்தா திரும்பவே இல்லையே அம்மா. அவருக்காக மன்னிக்க நான் யார்? அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கடக்கவே கூசுகிறது. பின்வாசல் வழியாகச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறேன்.

காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. பொட்டலத்தின் மேல் என் பெயரை நீங்களே எழுதுங்கள், எழுதத் தம்பியிடம் கொடுக்காதீர்கள்; உங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஜிப்பா இங்கே இருப்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
பாபிகிர்