முதல் பரிவட்டம்

மல்லிகா அக்காவைக் கொன்றது நீங்கள், அப்பா. பாம்பு கடித்தது என்னவோ உண்மைதான்.

இன்று காலை பீரோவைத் திறந்தேன். கோயில் மரியாதையாக உங்கள் தலையில் கட்டிய பட்டுத்துணி, அந்தப் பரிவட்டம், கற்பூர வாசனையோடு மடித்தபடி இருந்தது. இந்த ஆடித் திருவிழாவில் எனக்குக் கட்டப் போகிறார்களாம். "அப்பா எடம் காலியா இருக்கக் கூடாது தம்பி" என்று நாட்டாமை நேற்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடமும் ஆடிதான். நம் குறுவை வயலில் கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருந்த அக்காவை நல்ல பாம்பு கடித்தது. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, வாய்க்கால் கரை ரோட்டை அடைத்தபடி நம் வாசலில் அம்மன் சப்பரம் நின்றது. முதல் பரிவட்டத்தைப் பூசாரி தெருமுனையிலேயே சித்தப்பாவுக்குக் கட்டிவிட்டார். அதை அவிழ்த்து உங்களுக்குக் கட்டினால்தான் சாமி நகரும் என்று குறுக்கே நின்றீர்கள். தேங்காய்த் தட்டோடு பக்கத்தில் நான்.

அக்காவின் புருஷன் செல்வம் அண்ணன் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"அய்யா, சாமிய உங்க களத்துப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்கய்யா. அவளுக்குக் கண்ணு சொருகுது."

"ஆத்தாவயே ஒதுங்கச் சொல்றியாடா? உன் பொண்டாட்டியக் காப்பாத்தப் போறதே அவதான். நான் கேட்டா இல்லேங்க மாட்டா."

சப்பரம் தூக்கியவர்களில் ஒருவர் முனகினார்: "ஆத்தா நகந்துருவா. இவருல்ல நகர மாட்டேங்கறாரு." நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

களம் பத்தடி தூரத்தில் காலியாகக் கிடந்தது. சித்தப்பா மனமில்லாமல் முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். உங்களுக்குக் கட்டி, தீபாராதனை காட்டி, பிறகுதான் வழி விட்டார்கள். ஒரத்தநாடு தாண்டுவதற்குள் அக்காவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் சாப்பிடும்போது சொன்னீர்கள்: "ஆத்தா வீதிக்கு வந்திருந்தப்ப போன உயிரு. குடுத்து வெச்சவ." பிறகு ரசம் கேட்டீர்கள்.

உங்களுக்கு ஈரலில் கட்டி என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, அதே ஆத்தாவைத் திட்டினீர்கள். "இத்தன வருஷம் மண்டகப்படி செஞ்சவனுக்கா இது? அவளுக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

அந்த வேறு ஆள் செல்வம் அண்ணன் தெருவில் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தது எனக்குத் தெரியும். நீங்கள் சாமியிடம் எதையும் வேண்டிக்கொண்டதில்லை அப்பா. உத்தரவு போட்டுப் பழகியிருந்தீர்கள், பண்ணையாளிடம் போடுவதைப் போல. அது நிறைவேறாதபோது அவமானப்பட்டீர்கள். பயப்படக்கூட இல்லை.

"செல்வண்ணன வரச் சொல்றேன். ஒரு வார்த்த சொல்லிருங்கப்பா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அண்ணன் இப்போதும் நம் வயலில்தான் நாற்று பறிக்கிறார். என் பைக் வந்தால் வரப்பில் இறங்கி நிற்கிறார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் தம்பி, நீங்க போங்க" என்கிறார். போகிறேன். அவர் நின்ற நிலை ஒவ்வொரு முறையும் வீடுவரை என்னோடு வருகிறது.

எழுந்து வாருங்கள், அப்பா. அவருக்கு ஒரு தடவை ஒதுங்கி வழி விடுங்கள்.