கட்டி, அடைப்பு, உறைவு

நவ. 4, செவ்வாய். சிதம்பரம். தூறல்.

இல்லை, நம்பவில்லை. ஒரு அம்மாவுக்கு எதற்கு நான்கு டாக்டர்?

கடலூர் வீட்டில் கணுக்கால் மாவுக்கட்டோடு படுத்திருந்தவள். நேற்று திடீரென மூச்சு வாங்கியது. இங்கே கொண்டுவந்தோம். நுரையீரலுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், ரத்தத்துக்கு, அவசர சிகிச்சைக்கு. ஐ.சி.யு. கண்ணாடிக்கு வெளியே கூடிக் கூடிப் பேச்சு. நான் போனால் குரல் இறங்குகிறது.

நுரையீரல்காரர் அம்மாவின் தலைமாட்டில் நின்று: "காலுல இருந்து கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கும்மா. கரைச்சிடலாம்." வெளியே இதயக்காரர் என்னிடம்: அடைப்பு. ரத்தக்காரர்: உறைவு. ஒரே உடம்புக்கு மூன்று சொல். எதை மறைக்க?

மங்கலம்பேட்டை மாமா: "ஒருத்தர் மேல பழி வரக்கூடாதுன்னு கூட்டா வராங்க பாப்பா. நம்ம ஊரு பஞ்சாயத்து மாதிரி." சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

5, புதன். புழுக்கம்.

ஊசி மருந்து கேட்டிருக்கிறது. மூச்சு சீர். வார்டுக்கு மாற்றம். இட்லி ஒன்றரை. வாங்க: சீப்பு, ஃப்ளாஸ்க்.

இனி மாத்திரை. "ஒரு வேளைகூட விடாதீங்க, விட்டா திரும்ப உறையும்." மருந்துப் பிரிவுப் பெண். ஐந்தாவது ஆள். ஏன் இத்தனை அழுத்தம்?

அம்மா என் கண்ணைப் பார்ப்பதில்லை. என்னிடம் சொல்லாத எதையோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

7, வெள்ளி. வெயில்.

தலையணைக்கு அடியில் மாத்திரைகள். வாயில் வைத்துத் துப்பியவை.

"என்னம்மா இது?"

"கட்டின்னா எனக்குத் தெரியாதா? பக்கத்து வூட்டு மேரிக்கும் கட்டின்னுதான் சொன்னாங்க. மருந்து குடுத்து, முடி கொட்டி, போய்ட்டா. படிச்சவ, நீயும் சேந்து மறைக்கிற."

என்னையும்! நான் டாக்டர்களைப் பார்த்த அதே பார்வை.

நர்ஸிடம் ஓடினேன். நால்வரும் வந்தார்கள். மாத்திரை விட்டதில் திரும்ப உறைந்ததா என்று காலுக்கு ஸ்கேன். எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இதயக்காரர்: "அம்மாகிட்ட அடைப்புன்னு சொன்னா ஹார்ட் அட்டாக்னு பயப்படுவாங்களே."

அம்மா: "புத்துநோயா, இல்லியா? அதச் சொல்லுங்க."

நுரையீரல்காரர்: "இல்லவே இல்லம்மா. தயிர் உறையிற மாதிரி ரத்தம் உறைஞ்சுபோச்சு. அவ்ளோதான்."

"மொதல்லயே சொல்றதுக்கு என்னா? நாலு பேரு படிச்சிருக்கீங்க."

ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். என்கிறார்கள்.

மாலை மாத்திரையை நானே கொடுத்தேன். விழுங்கினாள். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன்.