முகம் மாறிய வாட்ச்

வாட்ச் நேற்று போய்விட்டது. ரிப்பேர் கடையில் அதைச் சுற்றிக் கொடுத்த காகிதம் மட்டும் தையல் மிஷின் மேல் கிடக்கிறது. எடுத்துக் கசக்கிப் போடப் போனபோது பெட்ரோல் வாசனை வந்தது. வாட்சின் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரங்களைப் பெட்ரோலில்தான் கழுவுவார்களாம். பஸ்ஸை விட்டிறங்கி, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று தண்ணீர் கேட்பீர்களே, அந்த வாசனை. நான் செம்பை எடுக்க எழுந்துவிட்டேன். அடுப்படி வரைக்கும் போன பிறகுதான் நினைவு வந்து, திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் சரியாக அழவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் தங்கையிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் கல்மனசு என்று. எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஓசூரில் பதினாலு வருஷம் குடியிருப்பவளைப் பற்றி அப்படியும் நினைப்பார்களா? எனக்குக் கோபம்கூட வரவில்லை. சோறு பொங்குகிறேன், தைக்கக் கொடுத்த ரவிக்கைகளைத் தைத்துக் கொடுக்கிறேன், விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறேன். மரத்துப்போன காலை ஊன்றும்போது தரை எங்கேயோ தள்ளி இருப்பது போலத் தெரியுமே, எல்லாமே இப்போது அப்படித்தான் இருக்கிறது.

நயா பைசா என்று புதுக் காசு வந்திருக்கிறது. உங்களுடன் வேலை பார்த்த கண்டக்டர்கள் எல்லாரும் சில்லறை கொடுக்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் ஒரே நாளில் பிடித்திருப்பீர்கள். கணக்கில் நீங்கள் புலி என்று ஊரே சொல்லும். ஊர் சொன்னதை எல்லாம் நான் நம்பினேன். நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் நம்பவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அப்பா பர்கூரில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த கடைசி நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் உலகச் சண்டைக்குப் பட்டாளத்தில் பஸ்ரா வரைக்கும் போய்வந்த மனிதர், கையைத் தூக்க முடியாமல் கிடந்தார். வாட்சைக் கழற்றச் சொல்லி உங்கள் கையில் கொடுத்தார். "மாப்ள கட்டிக்கட்டும். பையன் கல்யாணத்துக்கு அவன் கையில கட்டிவுட்ருங்க," என்றார். தம்பிக்கு அப்போது எட்டு வயது. வெள்ளைப் பீங்கான் டயலில் எல்லா எண்களும் கறுப்பாக இருக்கும், பன்னிரண்டு மட்டும் சிவப்பு. எங்கள் வீட்டில் அதற்கு வாட்ச் என்ற பெயரே கிடையாது, செவப்புப் பன்னண்டு என்றுதான் சொல்வோம். அந்த ஒரு வாட்சைத் தவிர வேறு வாட்சை நாங்கள் கிட்டத்தில் பார்த்ததுமில்லை.

கல்யாணமான ஐந்தாம் வருஷம் ஒரு நாள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தீர்கள். சூளகிரியில் பஸ் நின்றுபோய், முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றியபோது அது திருப்பி அடித்துவிட்டது என்றீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டேன். இடது கையில் டிக்கெட் கட்டு இருக்கும் என்பதால் வாட்சை வலது கையில்தான் கட்டுவீர்கள். அடிபட்டதும் வலது கைதான். அதை நான் யோசிக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து வீக்கம் வடிந்ததும் வாட்சைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மஞ்சளாக ஒரு டயல். பன்னிரண்டும் மற்ற எண்களைப் போலவே கறுப்பு.

"எங்கப்பா வாட்ச் எங்க?" என்று கேட்டேன்.

"இதாம்மே அது. மூஞ்சி ஒடஞ்சி போச்சி. பெங்களூர்ல வேற மாத்திக் குடுத்தான்."

"செவப்புப் பன்னண்டு எங்க?"

"அந்த மாதிரி இப்பல்லாம் வர்றதில்லயாம்."

"யாருகிட்டங்க கதை வுடறீங்க? தங்கச்சி கல்யாணத்துக்கு வித்துட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன்!"

அந்த மாதம்தான் உங்கள் தங்கைக்குக் கல்யாணம் முடித்திருந்தீர்கள். நான் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன். நீங்கள் வாட்சைக் கழற்றி நீட்டி, "தொறந்து காட்டட்டுமா?" என்றீர்கள். "தொறந்தா எனக்கு என்ன தெரியும்? மூடிட்டுப் போங்க," என்றேன். என் வாய் எப்போதும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா. அதற்கப்புறம் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். பர்கூருக்கு வரும்போது வாட்சைக் கட்டக் கூடாது, அம்மாவும் தம்பியும் பார்த்தால் என் மானம் போய்விடும் என்றேன். நீங்கள் மறு பேச்சில்லாமல் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தீர்கள். ஒன்பது வருஷம் அப்படியே நடந்தது. எங்கள் ஊரில் யாராவது மணி கேட்டால் வெயிலைப் பார்த்துச் சொல்வீர்கள். "கண்டக்டருக்கு வாட்ச் இல்லியா?" என்று என் சித்தப்பா கேலி செய்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

இந்த வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். அப்பாவின் வாட்சை எடுத்து வை என்று அம்மா சொல்லி அனுப்பினாள். நமக்குப் பிள்ளை குட்டி இல்லை. உங்களுக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது நல்ல பெயர் ஒன்றுதான். மச்சான் விற்றுவிட்டார் என்று என் வாயாலேயே தம்பியிடம் சொல்லி அதையும் அழிக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வாட்சை அப்பாவுடையது என்று பொய் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் நிச்சயமாகத் தெரிந்துகொள்வோம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கன்னடக்காரர் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை. நீங்கள் காய்ச்சலில் படுத்த நாளிலிருந்து வாட்ச் ஓடவில்லை. அதைக் கொடுத்து, "ரிப்பேர் அப்புறம் பாத்துக்கலாங்க. இது எந்தக் காலத்து வாட்ச், எந்த ஊருதுன்னு மொதல்ல சொல்லுங்க," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்மூடியைக் கழற்றினார்.

"கூடு வெள்ளிம்மா. உள்ள சுவிஸ் மிஷின். மொதல் சண்டைல சோல்ஜருங்க கட்டுன மாடல். இதுக்கு வெள்ளப் பீங்கான் டயல்தான் வரும், பன்னண்டு மட்டும் செவப்பா." நான் சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. "இந்த டயல் இதோடது இல்ல. இல்லி நோடிம்மா, இங்க பாருங்க, டயலுக்குப் பின்னால ரெண்டு காலு இருக்கும். அது இதுல ஒக்காராம வெட்டிட்டு ஒட்டியிருக்கான்."

அப்போதும் நான் விடவில்லை பாருங்கள். அதே மாதிரி வாட்ச் வேறு யாருடையதாகவும் இருக்கலாமே என்று கேட்டேன். அவர் பின்மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். யாரோ ஊசியால் கீறிய எண் இருக்கிறது என்று சொல்லி, தனக்குத்தானே கன்னடத்தில் படித்தார். "மூரு... ஒந்து... எண்டு..."

"ஆறு," என்றேன் நான்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூன்று, ஒன்று, எட்டு, ஆறு: அது அப்பாவின் பட்டாளத்து நம்பர். பர்கூர் வீட்டில் அவருடைய தகரப் பெட்டி மேல் வெள்ளைப் பெயிண்டில் இன்னும் இருக்கிறது. நானும் தம்பியும் எண் படிக்கக் கற்றுக்கொண்டதே அதைப் பார்த்துத்தான்.

அவர் நிறுத்தவில்லை. வாட்சைத் திறந்து சுத்தம் செய்கிறவர்கள் மூடியின் உள்ளே தங்கள் அடையாளத்தைக் கீறி வருஷத்தையும் போட்டு வைப்பார்களாம், அடுத்து திறக்கிறவனுக்குத் தெரியட்டும் என்று. "இங்க ஒம்பது இருக்கும்மா. எல்லாம் ஒரே ஆளோட கை. வருஷா வருஷம் தவறாம குடுத்திருக்காங்க. இப்படி யாரும்மா பாத்துக்குவாங்க?" என்றார். ஒவ்வொரு வருஷமும் சித்திரையில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பெங்களூர் போய்வருவீர்கள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. சினிமா பார்க்கப் போகிறீர்கள் என்று என் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். தம்பியின் வாட்சை ஓடவைக்கப் போயிருக்கிறீர்கள்.

எனக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. தலை சுற்றவில்லை, கண் கலங்கவில்லை. "ரிப்பேர் பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். ஸ்பிரிங் ஒடிந்திருந்ததாம். பெங்களூரிலிருந்து வேறு வரவழைத்துப் போட்டு, பன்னிரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்.

நீங்கள் விற்றிருந்தால், இது நீங்கள் வாங்கிய வாட்ச். உங்கள் பொருளாக என்னிடமே இருந்திருக்கும். நீங்கள் விற்காததால்தான் அது என் கையை விட்டுப் போகிறது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? இதற்கெல்லாம் சிரிக்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நேற்று தம்பி பத்திரிகை கொடுக்க வந்தான். கல்யாணத்தன்று கட்டிவிட ஆண்பிள்ளை நீங்கள் இல்லை. தாலியறுத்தவள் நான் மணவறை பக்கம் போகவும் முடியாது. அதனால் நேற்றே கொடுத்துவிட்டேன். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"செவப்புப் பன்னண்டு காணோமேக்கா?"

"அந்த மூஞ்சி ஒடஞ்சி போச்சிடா. உங்க மச்சான் வேற மாத்தினாரு. ஆனா இது அப்பா வாட்ச்தான். உள்ள நம்பர் இருக்குது, தொறந்து காட்டட்டுமா?"

"எதுக்குக்கா? அதான் நீ சொல்றியே," என்றான். கட்டிக்கொண்டு காதருகில் வைத்துக் கேட்டான். காப்பி குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டான்.

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிடக் கூடிய வார்த்தை. அதை நான் உங்களுக்கு ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து அது என் வாயில் இருக்கிறது. அதான் நீங்கள் சொன்னீர்களே. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.