சுக்கூரின் நீளமான இங்கிலீஷ்

தம்பி சுக்கூர்,

ஜமாலை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகிறேன். இடியாப்பம் மூடி வைத்திருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுக் காதர் பீவியிடம் கொடு.

உன் இங்கிலீஷ் பரீட்சைத் தாளைப் பார்த்தேன். சுருக்கமும் தெளிவுமான வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இருப்பதிலேயே நீளமானதற்குத்தான் ஒவ்வொன்றிலும் கோடு போட்டிருக்கிறாய். பெரிய துரை. உன் மச்சான் மௌத்தான அன்றும் தந்தி எழுத உட்கார்ந்து, "செத்த பொறுக்கா, நல்ல இங்கிலீஷா எழுதிக்கிறேன்" என்று அடித்து அடித்து எழுதினாய். மையத்து அதுவரை காத்திருக்குமா? அடக்கம் முடிந்த பிறகுதான் ஜமால் மதராஸிலிருந்து வந்தான். பெற்ற அத்தா முகத்தைப் பார்க்கவில்லை. "அத்தா இறந்துவிட்டார், வா" என்பதற்கு எத்தனை சொல் வேண்டும்?

அக்கா

மறந்துவிட்டேன்: ஜமாலிடம் கொடுக்க நீ எழுதி வைத்திருந்த நாலு பக்க விளக்கத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.