போடாத ஓட்டு

மார்ச் 4, செவ்வாய்

சபாநாயகரைத் தவிர்த்து நாங்கள் நாற்பத்தொன்று, அவர்கள் நாற்பது. இந்த ஒற்றை ஓட்டை வைத்துக்கொண்டு ஏழு மாதம் முதல்வராக ஓட்டிவிட்டேன்.

மாலையில் எதிர்க்கட்சித் தலைவர் போன் செய்தார். அவர்கள் கட்சி எம்.எல்.ஏ. ‘இடிமுழக்கம்’ அக்காவுக்கு இதய அறுவை சிகிச்சையாம். சபையில் என்னைக் கிழிகிழியென்று கிழிப்பாரே, அதே அக்கா. “அவங்க வர்ற வரைக்கும் எந்த ஓட்டெடுப்பு வந்தாலும் அவங்க ஓட்டுக்கு ஈடா உங்க பக்கம் ஒருத்தர் போடாம இருந்தா சரியாப் போயிடும்மா” என்றார். எங்கள் சபையின் பழைய வழக்கம்தான் இது. எழுத்தில் கிடையாது, வாய்வார்த்தை. சரி என்றேன்.

கட்சிக் கொறடாவிடம் கேட்டிருக்க வேண்டும். காலையில்தான் அவரோடு சண்டை. வீம்பு, வேறென்ன?

மார்ச் 7, வெள்ளி

மீன்வளத்துறை மந்திரி கட்சி தாவிவிட்டார். பாவி மனுஷன், நேற்று என் வீட்டில் காபி குடிக்கும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. செவ்வாயன்று நம்பிக்கை வாக்கெடுப்பு.

கொறடா விரல்விட்டு எண்ணினார். நாங்கள் நாற்பது. அக்கா ஆஸ்பத்திரியில், ஆகவே அவர்களும் நாற்பது. சமமானால் சபாநாயகர் ஓட்டு. அவர் நம் ஆள். “தப்பிச்சோம்மா!” என்றார். அப்போதுதான் அந்தப் போன் விஷயத்தைச் சொன்னேன்.

“யாரைக் கேட்டும்மா வாக்குக் குடுத்தீங்க? எழுத்துல இருக்கா? இல்லேல்ல? மறந்துடுங்க.”

மார்ச் 9, ஞாயிறு

போடாமல் இருக்க ஒருவரும் தயாரில்லை. “வெல போயிட்டான்னு காறித் துப்புவாங்கம்மா” என்கிறார்கள். நியாயம்தானே? வீட்டுக்காரரிடம் கேட்டால், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “வாக்குக் குடுத்தப்ப என்னைக் கேட்டியா?” என்கிறார். எரிந்து விழுந்தேன்.

மார்ச் 10, திங்கள்

பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு மணி நேரம் பேசினேன். ஓட்டெடுப்பு மணி அடித்தது. கதவைச் சாத்துவதற்குள் நானே எழுந்து வெளியே வந்துவிட்டேன். கொறடா பின்னாலேயே ஓடிவந்தார் — “அம்மா, வேணாம்மா, உள்ள வாங்கம்மா” — கதவைச் சாத்தப்போகிறார்கள் என்றதும் திரும்பி ஓடினார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் முடிவைக் கேட்டேன். ஆதரவு முப்பத்தொன்பது. எதிர்ப்பு நாற்பது.

கை கழுவும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்தது சரியா? இத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனா?

மார்ச் 14, வெள்ளி

புதிய முதல்வரின் பேட்டி: “தன் ஆட்சி மேல தனக்கே நம்பிக்கை இல்லாம எழுந்து போயிட்டாங்க.” அன்று எனக்குப் போன் செய்தவரே இவர்தான்; அந்தப் போனைப் பற்றி மூச்சே விடவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. ரிமோட்டை வீசினேன், அதுதான் உடைந்தது.

ஜூன் 20, வெள்ளி

நான் கொண்டுவந்த சட்டம் ஒன்றை ரத்து செய்ய இன்று சபை கூடியது. வராந்தாவில் அக்கா, கைத்தடியோடு. பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு உங்க எடத்துல நான் இருந்திருந்தா, கண்டிப்பா ஓட்டுப் போட்டிருப்பேன்.”

“தெரியும்க்கா” என்றேன்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மணி அடித்தது. அந்தக் கனமான கதவை அவருக்காகப் பிடித்துக்கொண்டேன். அவர் மெல்ல உள்ளே போய், என் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார்.